ஷவர் கேபின் மாற்றப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள் (குன்னூர், கோத்தகிரி மக்கள் கவனத்துக்கு)

எங்கள் குன்னூர் வீட்டில் அப்பா காலத்தில் வைத்த ஷவர் கேபின் ஒன்று இருந்தது. அக்ரிலிக் ட்ரே, பிளாஸ்டிக் சட்டம் போட்ட தள்ளு கதவு. ட்ரேயில் விரிசல், மூலையெல்லாம் பூஞ்சணம், அதைவிட முக்கியமாக அந்த ட்ரே விளிம்பைத் தாண்டிக் கால் வைக்க அம்மாவுக்கு முடியவில்லை. சரி, அதை எடுத்துவிட்டுத் தரையோடு தரையாக டைல்ஸ் போட்டு, ஒரு பக்கம் மட்டும் கண்ணாடித் தடுப்பு வைக்கலாம் என்று முடிவு செய்தோம்.

மலைக்குக் கீழேயிருந்து ஒரு காண்ட்ராக்டர் வந்து பார்த்தார். பழைய ட்ரேயை உடைத்து எடுப்பது, தரைக்கு இரண்டு கோட் வாட்டர்ப்ரூஃபிங், வாட்டம் பிடித்து வழுக்காத டைல்ஸ், 10 எம்எம் டஃபண்டு (பதப்படுத்தி உறுதியாக்கிய) கண்ணாடி, எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய், மலைக்குச் சரக்கு ஏற்றும் கூலி தனி என்றார். "அக்கா, இருபது வருஷத்துக்கு இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்றும் சொன்னார். அம்மாவைக் கோயம்புத்தூருக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்த் திரும்புவதற்குள் டைல்ஸ் ஒட்டி முடித்திருந்தார்கள்.

ஐப்பசி பிறந்ததும் கீழ் வீட்டில் குடியிருப்பவர்களின் சீலிங்கில் ஈரம். காண்ட்ராக்டரைக் கூப்பிட்டால், "மழை ஓதம்க்கா, குன்னூர்ல எந்த வீட்ல இல்ல?" என்கிறார். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை என்பதால் அந்த மாதங்களில் எந்தக் கசிவையும் மழை மேல் போட்டுவிடலாம், நாமும் தை வரை பொறுத்துப் பார்ப்போம், அதற்குள் அவர் மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு மலை இறங்கிவிடுவார். நாங்கள் அந்த ஷவரை மட்டும் நிறுத்திவிட்டு வேறு குளியலறையில் குளித்தோம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே கீழே சீலிங் காய ஆரம்பித்தது. மழை ஓதமாக இருந்தால் எப்படிக் காயும்?

உள்ளூர் பிளம்பரை வைத்து டைல்ஸைப் பெயர்த்தால், அடியில் அதே பழைய ட்ரே! விளிம்பை மட்டும் அறுத்துவிட்டு, மேலே கலவை கொட்டி டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஆள் ஏறி நிற்கும்போது அக்ரிலிக் லேசாக அமுங்கும், கலவை அமுங்காது, அதனால் கலவை வெடித்து, தண்ணீர் ட்ராப்புக்கு (தரையில் இருக்கும் வடிகால் வாய்க்கு) போகாமல் பக்கத்தில் இறங்கியிருக்கிறது. வாட்டர்ப்ரூஃபிங் ஒரு கோட் கூட இல்லை. அதைப் பூசியிருந்தால் ஒரு கோட் காய்ந்த பிறகுதான் அடுத்த கோட், அப்புறம் ட்ராப்பை அடைத்து ஒரு நாளாவது தண்ணீர் நிறுத்திப் பார்க்க வேண்டும். நம் ஊர்க் குளிரில் காய இன்னும் நேரம் பிடிக்கும். இவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்கவே முடியாது.

கண்ணாடி விஷயம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அளவு சரியாக இல்லையென்று வாசலில் வைத்தே கண்ணாடியை அறுத்ததைக் கீழ் வீட்டு அக்கா பார்த்திருக்கிறார். டஃபண்டு கண்ணாடியைத் தயாரான பிறகு அறுக்கவோ துளை போடவோ முடியாது, செய்தால் மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும். ஆக, எங்களுக்கு வைத்தது சாதாரணக் கண்ணாடி. அம்மா தடுமாறி அதன் மேல் சாய்ந்திருந்தால் கத்தி மாதிரி நீள நீளமாக உடைந்திருக்கும். நல்ல டஃபண்டு கண்ணாடியில் ஒரு மூலையில் அழியாத முத்திரை இருக்கும், பெரும்பாலும் ஐஎஸ் 2553 என்ற இந்தியத் தர எண்ணோடு. எங்களுடையதில் எதுவும் இல்லை. கேட்டதற்கு, ஸ்டிக்கர் கழன்றிருக்கும் என்று பதில் வந்தது.

பில் என்று கொடுத்ததில் ஜிஎஸ்டி எண் கிடையாது. இப்போது போனையும் எடுப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். அடுத்து ஊட்டியில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். வேலைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப்பில் வந்த எஸ்டிமேட், பெயர்த்தபோது எடுத்த படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

இதே ஆள் இப்போது கோத்தகிரியில் ஒரு வீட்டில் வேலை எடுத்திருப்பதாகக் கேள்வி. உங்கள் வீடாக இருந்தால், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே உள்ளே போய், ட்ரே வெளியே வந்துவிட்டதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.