ஏழு வருஷமா பெரண்டை சாப்பிடுறேன், அந்த அரிப்பு மட்டும் விட்ட பாடில்ல

போன வாரம் பினாங்குல இருக்குற சினேகிதி போன் பண்ணினா. அவ அம்மா பாத்ரூம்ல விழுந்து மணிக்கட்டுல எலும்பு விட்டுப்போச்சாம், அங்க பெரண்டை கேப்சூல் பாதி விலைக்கு வந்திருக்கு வாங்கிக் குடுக்கவாடி, நீதான் வருஷக்கணக்கா சாப்பிடுறியேன்னு கேட்டா. நான் சரியாவே பதில் சொல்லல, ஏன்னா அன்னிக்கு மத்தியானம் சாப்பிட்ட துவையல்ல தொண்டை நமநமன்னு பிடுங்கிக்கிட்டு இருந்துச்சு, அந்தக் கோபத்துல எதையாவது சொல்லிருவேன்னு போனை வச்சுட்டேன். அவளுக்கும் இதே கேள்வி இருக்குற மத்தவங்களுக்கும் சேர்த்து இப்ப எழுதுறேன்.

என் கதையும் மணிக்கட்டுலதான் ஆரம்பிச்சுச்சு. காரைக்குடி பக்கம் எங்க பழைய வீட்ல, ஐப்பசி மழையில வளவு முத்தத்துல வழுக்கி வலது கையை ஊனி விழுந்தேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரிச்சப்ப கை மரக்கட்டை மாதிரி இருந்துச்சு, சோத்தைப் பிசையக்கூட விரல் மடங்கல, உக்காந்து அழுதுட்டேன். அப்பத்தாதான் பின்கட்டு வேலியில படர்ந்து கிடந்த பெரண்டையை ஒடிச்சு, சாறு எடுத்து புளியும் உப்பும் போட்டுக் காய்ச்சி, பொறுக்குற சூட்டுல பத்துப் போட்டாங்க, கூடவே வாரம் ரெண்டு நாள் துவையல். கை சரியாச்சு. ஆனா எலும்பைக் கூட்டி வச்சது டாக்டர் போட்ட மாவுக்கட்டுதான். வீக்கம் வத்துனதுல அந்தப் பத்துக்கும் பங்கு உண்டுன்னு நம்புறேன், அதுக்கு மேல சொன்னா பொய்யாயிரும்.

அதுக்காக வெறும் கிழவி வைத்தியம்னு ஒதுக்கவும் கூடாது. இந்திக்காரங்க இதுக்கு வச்ச பேரே ஹட்ஜோட், எலும்பை ஒட்டுறதுன்னு அர்த்தம். 1960கள்ல பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்துல உடுப்பா, பிரசாத்னு ரெண்டு பேர், எலும்பு ஒடிஞ்ச விலங்குகளுக்கு இதைக் குடுத்து, கதிரியக்க கால்சியத்தை வச்சு எலும்பு கூடுறதைக் கணக்குப் பாத்து, சீக்கிரம் கூடுதுன்னு எழுதியிருக்காங்க. மனுஷங்களுக்குக் குடுத்துப் பெருசா பண்ணுன சோதனை அவ்வளவா இல்ல. அதனால கட்டே போடாம இதை மட்டும் நம்பிக்கிட்டு இருக்குறவங்களைப் பாத்தா எனக்குப் பதறுது.

நான் இன்னிக்கு வரைக்கும் இதை விடாததுக்குக் காரணம் எலும்பே இல்ல, வயிறுதான். எங்க ஊர்ச் சாப்பாடு தெரியும்ல, ஒரு கல்யாண வீட்டுக்குப் போனா காலையில வெள்ளைப்பணியாரம் கந்தரப்பம்னு எண்ணெயில பொரிச்சதா வரும், மத்தியானம் இலை நிறைய, ராத்திரி மறுபடி பலகாரம், மறுநாள் வயிறு கல்லு மாதிரி கனக்கும். அன்னிக்கு சுடுசோத்துல ஒரு எலுமிச்சங்காய் அளவு பெரண்டைத் துவையல், மேல நல்லெண்ணெய், அவ்வளவுதான், சாயங்காலம் பசி வந்து கிள்ளும். வாய்வு, மந்தம், ருசியே இல்லாம நாக்கு செத்துக் கிடக்குறது, இதுக்கெல்லாம் எந்த மாத்திரையும் எனக்கு இப்படிக் கேட்டதில்ல.

இப்ப அரிப்புக்கு வர்றேன். அந்தத் தண்டுக்குள்ள ஊசி ஊசியா கால்சியம் ஆக்சலேட் படிகம் இருக்கு, சேப்பங்கிழங்கு கருணைக்கிழங்கு அரிக்குறதும் இதாலதான். கையில எண்ணெய் தடவாம நார் உரிச்சா ராத்திரி வரைக்கும் சொறிஞ்சுக்கிட்டே இருக்கணும். "பெத்த வயித்துல பெரண்டையைத்தான் வச்சுக் கட்டணும்"னு அப்பத்தா மனசு நொந்து சொல்லும்போது சின்ன வயசுல எனக்கு ஒண்ணும் விளங்கல, இந்த அரிப்பை அனுபவிச்ச பிறகுதான் அந்த வார்த்தை எவ்வளவு சூடுன்னு தெரிஞ்சுச்சு. கணு முடிச்சை மட்டும் கழிச்சு, நாலு ஓரத்து நாரையும் உரிச்சு, மோர்ல ஊறப்போட்டு, நல்லெண்ணெய்ல பச்சை நிறம் போயி சுருங்குற வரைக்கும் வதக்கி, உளுந்து வரமிளகாய் பூண்டோட புளியைத் தாராளமா வச்சு அரைக்குறேன். இத்தனை பண்ணியும் அஞ்சு தடவைக்கு ஒரு தடவை தொண்டையைப் பிடிக்குது. அப்பத்தா அம்மியில அரைச்சது ஒரு நாளும் பிடிச்சதில்ல, இதுதான் எனக்கு ஆத்தாமை. அவங்க நகத்தால கிள்ளிப் பாப்பாங்க, சட்டுனு ஒடிஞ்சா மட்டும்தான் எடுப்பாங்க, நுனியில ரெண்டு மூணு கணு, அதுக்குக் கீழ தொடவே மாட்டாங்க. நான் என்ன பண்றேன், இவ்வளவு நீளம் வீணாப் போகுதேன்னு நாலாவது கணுவையும் சேர்த்துருவேன். சந்தையில வாங்குனா இன்னும் மோசம், "ஆச்சி, எல்லாம் இளசுதான், நம்பி வாங்குங்க"ன்னு கட்டைக் கையில குடுத்துருவாங்க, வீட்ல வந்து பிரிச்சா வெளிய ரெண்டு இளசு, உள்ள பூராவும் முத்தல். ஒரு கடையில ஜாடியில போட்ட தொக்கு வாங்கி வீட்டுக்காரர் ஒரு வாய் வச்சதுக்கே அன்னிக்கு முழுக்க எச்சி முழுங்க முடியாமத் தவிச்சாரு. மருந்துன்னு சொல்லி காசு வாங்குறவங்க நாரையாவது உரிக்க வேணாமா?

இன்னிக்கு இருக்குற மனசுல இதுக்குப் பத்துக்கு நாலு மார்க்குக்கு மேல போட மாட்டேன். ருசி, குணம் எல்லாம் இருந்தும், சாப்பிட உக்காரும்போது ஒவ்வொரு தடவையும் பயந்துக்கிட்டே முதல் உருண்டையை வாயில வைக்கணும்னா அது என்ன சாப்பாடு.

அடியே, உனக்குச் சொல்றது இதுதான். கேப்சூல் வேணாம், உள்ள எந்தக் கணுவைப் போட்டு இடிச்சாங்கன்னு நமக்குத் தெரியாது. அம்மா சுகர் மாத்திரை, வேற மாத்திரை எது சாப்பிட்டாலும், முன்னாடி கிட்னியில கல்லு வந்திருந்தாலும் டாக்டர்கிட்ட கேக்காம துவையல்கூட குடுக்காதே. அங்கேயும் நம்ம ஆளுங்க வீட்டு வேலியில பெரண்டை நிச்சயமா கிடக்கும், கேட்டு ரெண்டு கணு வாங்கித் தொட்டியில ஊனி வை, தண்ணி அதிகம் ஊத்தாதே அழுகிரும். கட்டுப் பிரிக்கிற அன்னிக்கு அம்மா கை மடங்கலைன்னு கலங்கிப்போவாங்க, அன்னிக்கு எந்த நேரமா இருந்தாலும் எனக்குப் போன் பண்ணு. டாக்டர் சரின்னு சொல்லிட்டா நீ நார் உரிக்கும்போது நான் வீடியோவுல இருக்கேன், எந்தக் கணுவோட நிறுத்தணும்னு சொல்றேன்.