சான்றிதழ் சரிபார்க்கச் செல்லலாம், கல்லூரி தேர்ந்தெடுக்க அல்ல: ராமநாதபுரத்துக் கலந்தாய்வு மையம் ஒன்று

பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், ராமநாதபுரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருக்களில் பொறியியல் கலந்தாய்வு வழிகாட்டி மையங்களின் பதாகைகள் வரிசையாகத் தொங்கத் தொடங்கிவிடும். அவற்றுள் ஒன்றில், பாம்பனில் வசிக்கும் என் தங்கையின் மகளுக்காகக் கடந்த ஆண்டு பணம் கட்டினோம். மையத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கீழக்கரையிலும் மண்டபத்திலும் தெரிந்தவர்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், இங்கு நான் எழுதுவதில் பெரும்பகுதி மற்ற மையங்களுக்கும் பொருந்தும்.

கட்டணம் 4,000 ரூபாய். அதையும் முதல் நாளே முழுதாகக் கட்டிவிட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதும், விசைப்படகுக் குடும்பங்களின் கையில் அப்போது பணப் புழக்கம் இருக்காது என்பதும் இந்த ஊரில் கடை போட்டிருப்பவர்களுக்குத் தெரியாததல்ல. இரண்டு தவணையாகக் கட்டலாமா என்று தங்கை கேட்டதற்கு, "எல்லாருக்கும் ஒரே ரூல்தான் அக்கா" என்று பதில் வந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் வேலையில் இவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆதாரில் இருந்த தலைப்பெழுத்து மதிப்பெண் பட்டியலோடு ஒத்துப்போகாததை மேசையில் இருந்த இளைஞர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்தார். முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றை இ-சேவை மையத்தில் எப்படி விண்ணப்பிப்பது, ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றில் தலைமை ஆசிரியரின் கையொப்பம் எங்கே இருக்க வேண்டும் என்பதையெல்லாம் பொறுமையாக விளக்கினார். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் இடம் பெற்றால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்பதால், அந்த ஒரு தாளின் மதிப்பு பல லட்சம் ரூபாய். அரசு நடத்தும் உதவி மையங்களிலும் இதே உதவி இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அங்கே கூட்டம் அதிகம்.

சிக்கல், கல்லூரியையும் பாடப்பிரிவையும் பற்றிப் பேசத் தொடங்கிய இடத்தில் வந்தது. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் அவளுக்கு 193. இந்த எண்ணைப் பார்த்ததும் ஆலோசகர் ஓர் அச்சிட்ட பட்டியலை எடுத்து, மஞ்சள் ஹைலைட்டரால் கோடு போடத் தொடங்கினார். கோடு விழுந்தவை எல்லாம் கணினி அறிவியல், செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ். அந்தப் பெண்ணுக்கு என்ன பிடிக்கும் என்ற கேள்வியே எழவில்லை. நான் வற்புறுத்திய பிறகு அவளே சொன்னாள்: 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் ஓயாமல் துரு சுரண்டிப் பெயின்ட் அடிப்பதைப் பார்த்தே வளர்ந்தவள் அவள், உப்புக்காற்றில் இரும்பு ஏன் இவ்வளவு சீக்கிரம் அரிக்கிறது, 2025-இல் திறந்த புதிய பாலத்தை எப்படிக் காப்பாற்றப் போகிறார்கள் என்பதைப் படிக்க வேண்டும் என்றாள். ஆலோசகர் சிரித்துவிட்டு, "அதுக்கெல்லாம் ஸ்கோப் இல்லம்மா" என்றார்.

அவர் கோடு போட்டுக்கொண்டிருந்த மேசையிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள், மண்டபத்தில், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியின் அரிப்புச் சோதனை நிலையம் இருக்கிறது. நாட்டிலேயே உலோக அரிப்பு மிகக் கடுமையாக உள்ள இடங்களில் இந்தக் கடற்கரையும் ஒன்று என்பதால்தான் அதை இங்கே அமைத்தார்கள். அதே சிக்ரி, அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்து வேதி மற்றும் மின்வேதிப் பொறியியலில் பி.டெக். படிப்பை நெடுங்காலமாக நடத்திவருகிறது. தேசியத் தொழில்நுட்பக் கழகமான திருச்சி என்.ஐ.டி.யில் உலோகவியல் துறை இருக்கிறது. கிண்டி பொறியியல் கல்லூரியில் மெட்டீரியல் சயின்ஸ் இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்றுகூட மையத்தின் வாயில் வரவில்லை.

தேசியத் தரவரிசையைக் காட்டிப் பேசுவதும் இங்கே வழக்கம். அந்தப் பட்டியலில் சென்னை ஐ.ஐ.டி. 2016 முதல் பொறியியலில் முதலிடத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் அந்த மதிப்பெண்ணில் கற்பித்தல் வளங்களுக்கு 30 விழுக்காடு, ஆராய்ச்சிக்கு 30, படித்து வெளியேறுவோரின் நிலைக்கு 20, பரவலான வாய்ப்புக்கு 10, பிறரின் கணிப்புக்கு 10 என்று பிரித்திருக்கிறார்கள். மொத்தக் கல்லூரிக்கும் கிடைக்கும் அந்த ஒற்றை எண், நாம் சேரப்போகும் துறையின் ஆய்வகம் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லாது. பத்து இடம் முன்னே இருக்கும் கல்லூரியில் விருப்பமில்லாத பிரிவையும், பத்து இடம் பின்னே இருக்கும் கல்லூரியில் விரும்பிய பிரிவையும் எடை போட அந்தப் பட்டியல் உதவாது. அதை எடை போட்டுச் சொல்லத்தானே 4,000 ரூபாய்?

செலவுக் கணக்கும் அவர்கள் சொல்லியிருக்க வேண்டியது. என்.ஐ.டி. இடங்களில் பாதி, அது இருக்கும் மாநிலத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு உரியவை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குக் குறைவாக இருந்தால் கல்விக் கட்டணம் முழுதும், ஐந்து லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கும் தள்ளுபடி. ஆனால் இந்தத் தள்ளுபடியில் விடுதி, உணவுச் செலவு அடங்காது. 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் கிண்டியில் இடம் கிடைத்தால் அந்தச் செலவும் இல்லை. எங்களைப் போன்ற குடும்பங்களுக்குத் திருச்சியா கிண்டியா என்ற கேள்வியைப் பெரும்பாலும் இந்த வேறுபாடே முடிவு செய்யும். அதைத் தங்கை ஒரு பள்ளி ஆசிரியரிடமிருந்து தெரிந்துகொண்டாள்.

அடிப்படை அறிவியல் படிப்பு என்ற சொல்லையே அங்கு யாரும் எடுக்கவில்லை. திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றின் நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஒவ்வொன்றிலும் 15 என மொத்தம் 60 கேள்விகள் வரும்; உயிரியல் படிக்காத மாணவர்களும் அந்தப் பகுதிக்குத் தயாராக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வரும் வேளையில் விண்ணப்பக் காலம் முடிந்தோ முடியும் தறுவாயிலோ இருக்கும். ஆகவே மே மாதத்தில் திறந்து ஆகஸ்டில் மூடும் இத்தகைய மையங்களால் அந்த வழியைக் காட்ட இயலாது. வரவேற்பறையில் அப்துல் கலாமின் ஆளுயரப் படம் மட்டும் இருக்கிறது. ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்த அவர், திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பட்டம் பெற்ற பிறகே குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் சேர்ந்தார் என்பதை அந்தப் படத்தின் கீழே எழுதி வைத்தாலாவது சில பிள்ளைகளுக்குப் பயன்படும்.

எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியது விருப்பப் பட்டியலைப் பற்றி. கலந்தாய்வு மென்பொருள் நம் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, நம் தரவரிசைக்குக் காலியாக இருக்கும் முதல் இடத்தை ஒதுக்கும். அதற்குக் கீழே உள்ளவற்றைப் பார்ப்பதே இல்லை. ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டு மேல்விருப்பத்துக்குக் காத்திருந்தாலும், பட்டியலில் அதற்கு மேலே எழுதியவை மட்டுமே கணக்கில் வரும். எனவே கடந்த ஆண்டுக் கட்-ஆஃபைப் பார்த்து வரிசைப்படுத்தாமல், விருப்பத்தின் வரிசையிலேயே எழுத வேண்டும்; எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். எங்களுக்குத் தயாரித்துக் கொடுத்த பட்டியலிலோ அரசுக் கல்லூரிகளுக்கு நடுவே, நாங்கள் கேட்காத மூன்று தனியார் கல்லூரிகள் ஆறாவது, ஏழாவது, எட்டாவது இடங்களில் செருகப்பட்டிருந்தன. காரணம் கேட்டபோது "சேஃப்டிக்கு" என்றார்கள். பாதுகாப்புக்கு என்றால் அவை கடைசியில் அல்லவா இருக்க வேண்டும்? மருமகள் அன்றிரவே அவற்றைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, கிண்டியின் மெட்டீரியல் சயின்ஸை மேலே ஏற்றினாள். அவளால் அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், பதிவு செய்யும்போதே தன் அம்மாவின் கைப்பேசி எண்ணைக் கொடுத்து, கடவுச்சொல்லைத் தானே வைத்துக்கொண்டதுதான். அருகில் அமர்ந்திருந்த இன்னொரு குடும்பத்துக்கு மையத்தின் எண்ணையே பதிந்திருந்தார்கள்; ஓ.டி.பி. அங்கேதான் போகும்.

சான்றிதழ் வேலைக்கு மட்டும் போவதானால் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். கல்லூரி, பாடப்பிரிவு ஆலோசனைக்கு ஒன்று. போகிறவர்கள் சொந்தக் கைப்பேசி எண்ணைத் தவிர வேறு எதையும் பதியவிடாதீர்கள். பட்டியலை இறுதி செய்யும் முன் அச்சுப்படி எடுத்து வீட்டில் வைத்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். கட்டிய பணத்துக்கு ரசீது கேட்டால்தான் தருகிறார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.