குழந்தைகள் தீக்காயப் பிரிவு, மதுரை: செவிலியர் சேவை எப்படி?

கொதிக்கும் ரசம் கொட்டித் தொடை வெந்துபோன எங்கள் நான்கு வயது மகளை மதுரையிலுள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்திருந்தோம். கட்டு மாற்றுவதற்கு முன்பே வலி மருந்தைக் கொடுத்து, அது வேலை செய்யத் தொடங்கும்வரை பொறுத்திருந்து, 0 முதல் 10 வரை மதிப்பெண் கொண்ட ஆறு முகப் படங்களை நீட்டி, எந்த முகத்தைப் போல வலிக்கிறது என்று குழந்தையையே தொட்டுக் காட்டச் சொன்னார்கள். பழைய கட்டை உப்புநீரில் நன்றாக ஊறவைத்து மெல்லப் பிரித்ததும், என் மனைவியை வெளியே அனுப்பாமல் தலைமாட்டில் அமர்ந்து கதை சொல்லச் சொன்னதும் மகளின் அலறலைப் பெருமளவு குறைத்தன.

படுக்கையில் சிறுநீர் கழிப்பது, தூக்கத்தில் திடுக்கிட்டு அழுவது, அடுப்படிப் பக்கம் வர மறுப்பது ஆகியவை சில வாரங்களுக்கு இருக்கலாம் என்றும், ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல ஆலோசகரிடம் காட்ட வேண்டும் என்றும் மூத்த செவிலியர் பொறுமையாக விளக்கினார். ரசத்தைக் கீழே வைத்தது தாம்தான் என்று சாப்பிடாமல் நொந்துகொண்டிருந்த என் மாமியாரையும் அவர் தனியே அழைத்துப் பேசித் தேற்றியதற்கு நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம்.

இரவுப் பணியில் மட்டும் ஆள் போதவில்லை. அழைப்பு மணிக்கு வரத் தாமதமாகிறது. கட்டணமும் சற்று அதிகம் என்பதால், காப்பீடு செல்லுமா என்பதைச் சேர்க்கும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.