டர்பனில் பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு: இறக்கத்தில் காட்டிய மைலேஜை நம்பி நான் ஏமாந்த கதை

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம் குடியிருந்துகொண்டு வேலைக்குத் தினமும் நெடுஞ்சாலையில் போய்வரும் நம் ஆட்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நீளமான பதிவுதான். ஆனால் எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

கடந்த மே மாதம் பைன்டவுனில் ஒரு டீலரிடம் 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக் வாங்கினேன். 61,204 கிலோமீட்டர் ஓடியிருந்தது. டெலிவரி தாளில் அந்த எண்ணை அவர்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பிறகு எனக்குக் கைகொடுத்தது அந்தத் தாள்தான். விவகாரம் ஓம்பட்ஸ்மேன் (வாங்கியவர்களின் புகாரை விசாரிக்கும் அமைப்பு) வரை போனதால் டீலர் பெயரை இங்கே எழுதவில்லை. வண்டி பெயரும் வேண்டாம், ஏனென்றால் அதைச் செய்த கம்பெனி மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

எனக்கு வேண்டியது மைலேஜ் மட்டும்தான். சாட்ஸ்வொர்த்திலிருந்து உம்ஷ்லாங்காவுக்குப் போகவர நாளைக்கு 70 கிலோமீட்டர். அப்போது பெட்ரோல் லிட்டர் 20 ராண்டுக்கு மேல், அதுவும் மாதத்தின் முதல் புதன்கிழமை என்ன விலை ஆகுமோ என்று காத்திருக்கிற ஊர். ஆகவே போனதும் முதல் கேள்வியாக மைலேஜைத்தான் கேட்டேன். அதிலேயே அந்த சேல்ஸ்மேன் என்னை எடை போட்டுவிட்டார் என்று இப்போது புரிகிறது.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நாம் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டுப் பழகியவர்கள். இங்கே நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பார்கள், அதனால் எண் குறையக் குறைய நல்லது. 100-ஐ அந்த எண்ணால் வகுத்தால் நம் கணக்கு வந்துவிடும். 5 என்றால் 20 கிலோமீட்டர், 8 என்றால் 12.5.

நாங்கள் போனபோது வண்டி ஏற்கெனவே ஸ்டார்ட் ஆகி நின்றது. "உங்களுக்காக ஏசி போட்டுக் குளிர வைத்திருக்கிறேன்" என்றார். மரியாதையான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். "முதலில் நான் ஓட்டிக் காட்டுகிறேன்" என்று அவரே ஸ்டியரிங்கில் உட்கார்ந்து எம்13 சாலையில் ஃபீல்ட்ஸ் ஹில் ஏறி குளூஃப் வரை போனார். அந்த மேட்டைத் தெரியாதவர்கள் டர்பனில் இருக்க முடியாது. மேலே ஓரமாக நிறுத்தி இடம் மாறினோம். அப்போது அவர் கட்டைவிரல் மீட்டருக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் குமிழை இரண்டு விநாடி அழுத்திப் பிடித்தது. எண் மறைந்து வெறும் கோடுகள் வந்தன. என் கண் முன்னால்தான் நடந்தது. கடிகாரத்தைச் சரி செய்கிறார் என்று விட்டுவிட்டேன். அதுவரை ஆன சராசரி பெட்ரோல் செலவு எண்ணை அவர் அழித்துவிட்டார் என்று பிறகுதான் புரிந்தது.

பிறகு நான் ஓட்டினேன், முழுக்க இறக்கம். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இந்தக் காலத்து என்ஜின்கள் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். வண்டி தன் எடையிலேயே உருண்டு இறங்கும். கீழே பைன்டவுன் வந்து சேர்ந்தபோது சராசரி 3.6 என்று காட்டியது. "பார்த்தீர்களா, கம்பெனி சொன்ன 4.9-ஐ விடக் குறைவு. நீங்கள் நிதானமாக ஓட்டுகிறீர்கள்" என்றார். என் மனைவி முன்னால் என்னைப் பாராட்டினார். அடுத்த நாளே பணம் கட்டினேன்.

முதல் ஃபுல் டேங்க் கணக்கு: 412 கிலோமீட்டருக்கு 33.6 லிட்டர். அதாவது நூறுக்கு 8.2. இரண்டாவது தடவை 437 கிலோமீட்டருக்கு 34.9, நூறுக்கு 8. நம் கணக்கில் லிட்டருக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டரை. பாதித் தூரத்துக்கு மேல் என்2 நெடுஞ்சாலையில் சீராக ஓடுகிற சின்ன வண்டி இது!

டீலருக்கு ஃபோன் போட்டேன். "சார், கம்பெனி சொல்லும் மைலேஜ் ரோட்டில் யாருக்குமே கிடைக்காது" என்றார். இந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் சில வாரம் வாயடைத்துக் கிடந்தேன், ஏனென்றால் அது உண்மை. 2008 ஜூலை முதல் தென்னாப்பிரிக்காவில் விற்கும் புது கார்களில் எரிபொருள் செலவைச் சொல்லும் லேபிள் ஒட்டியாக வேண்டும். அந்த 4.9 அப்படி வந்த எண். ஆய்வகத்தில் உருளை மேல் வண்டியை நிறுத்தி, ஏசியை அணைத்து, ஏறக்குறைய இருபது நிமிடம், சுமார் 11 கிலோமீட்டர் ஓட்டி எடுக்கும் பழைய ஐரோப்பியச் சோதனை அது. சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர்கூட வராது. அதில் மேடு கிடையாது, எதிர்க்காற்று கிடையாது, ஐந்து பேர் ஏறுவதும் கிடையாது.

ஆனால் எவ்வளவு குறைந்தால் இயல்பு, எவ்வளவு குறைந்தால் கோளாறு என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஐ.சி.சி.டி. என்ற ஆய்வு அமைப்பு ஐரோப்பாவில் இதைக் கணக்கெடுத்திருக்கிறது. ஆய்வக எண்ணுக்கும் சாலையில் ஆகும் செலவுக்கும் இடைவெளி 2001-ல் 9 சதவீதம், 2015-ல் 42 சதவீதம். அந்த 42-ஐயே வைத்துப் பார்த்தாலும் என் வண்டிக்கு 7-க்குள் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது 65 சதவீதம் அதிகம். அதைப் போய் "ரோட்டு மைலேஜ் இப்படித்தான்" என்று ஏற்றுக்கொண்டேன்.

அது மட்டுமா? "என்ஜினுக்குள் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் அடைத்திருக்கும்" என்று அவர்கள் ஒர்க்‌ஷாப்பிலேயே 950 ராண்டு வாங்கிக்கொண்டு கிளீனிங் செய்தார்கள். டேங்கில் ஊற்ற கிளீனிங் மருந்து ஒரு பாட்டிலும் விற்றார்கள். அடுத்த டேங்க்கும் 8.1.

உண்மையை முதலில் பிடித்தது என் மனைவி. "என்னங்க, அந்த நீல விளக்கு ஏன் இன்னும் எரியுது?" என்று ஒருநாள் காலையில் கேட்டாள். இப்போது பல சின்ன வண்டிகளில் வெப்பமானி முள் கிடையாது. என்ஜின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு, அவ்வளவுதான். நீலம் இரண்டு மூன்று கிலோமீட்டரில் அணைய வேண்டும். எங்கள் வண்டியில் ஹிக்கின்சன் சாலையைத் தாண்டி என்2-வில் ஏறி, வெஸ்ட்வில் பக்கத்துப் பெரிய சந்திப்பு வரை எரிந்தது. சில நாள் அணைந்துவிட்டு இறக்கத்தில் மறுபடி வந்தது. குளிர்காலம் வருகிறதே, அதனால் இருக்கும் என்று நானே அவளுக்குச் சமாதானம் சொன்னேன்.

ஜூன் நடுவில் ஹோவிக் அருவி பார்க்கக் கிளம்பினோம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டியதும் நல்ல குளிர். ஹீட்டரை முழுதாகத் திருப்பினால் வெதுவெதுப்பாக ஏதோ வருகிறது, சூடே இல்லை. பின்சீட்டில் பையன் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஹோவிக் வருவதற்குள் மஞ்சள் என்ஜின் விளக்கும் எரிந்துவிட்டது.

இந்தத் தடவை டீலரிடம் போகவில்லை. எங்கள் தெருவில் வீட்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் போனேன். அவர் தாத்தாவின் தகப்பனார் கரும்புத் தோட்டத்துக்கு வந்த தலைமுறை. தமிழில் அவருக்கு ஒரு சில வார்த்தைதான் வரும், ஆனால் என்னைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினார். வந்த கோளாறு எண் பி0128: என்ஜின் உரிய சூட்டை எட்டவில்லை. நான் அழிக்கச் சொன்னேன். "அழிக்காதே தம்பி, அழித்தால் சாட்சி போச்சு" என்று என் கையைத் தட்டிவிட்டார்.

அதே ஸ்கேனரில் இன்னொரு வரி இருந்தது. கடைசியாகக் கோளாறு எண்களை அழித்த பிறகு ஓடிய தூரம்: 1,931 கிலோமீட்டர். ஓடோமீட்டரில் அப்போது 63,118. டெலிவரி எண்ணைக் கழித்தால் நான் ஓட்டியது 1,914. ஆக, வண்டி என் கைக்கு வருவதற்கு 17 கிலோமீட்டர் முன்னால் யாரோ இந்தக் கோளாறுப் பதிவை அழித்திருக்கிறார்கள். குளூஃப் வரை ஏறி இறங்கியது போக மிச்சம் கொஞ்சம்தான். அந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. தெரிந்தே செய்திருக்கிறார்கள்.

பெரியவர் என்னோடு என்2-வில் ஒரு சுற்று வந்தார். 110-ல் ஓடும்போது கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரின் சூடு 63 டிகிரி. எண்பதுக்கு மேல், தொண்ணூறு வாக்கில் நிற்க வேண்டியது அது. தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடாகும்வரை அந்தத் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) இருக்கும் மூடியைக் கழற்றினார். உள்ளே ஒன்றுமே இல்லை. கழற்றி எடுத்துவிட்டிருக்கிறார்கள். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டர் வழியாகவே சுற்றிக்கொண்டிருக்கும். என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டிக் கூட்டி விடும். எண்ணெயும் கெட்டியாகவே இருக்கும். என் 8 லிட்டர் அங்கேதான் போயிருக்கிறது.

"தெர்மோஸ்டாட்டை யாரும் சும்மா எடுக்க மாட்டார்கள். கொதிப்பதை மறைக்கத்தான் எடுப்பார்கள்" என்றார் பெரியவர். ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்தார். அதில் நீல நிறத் திரவம். கூலன்ட் தண்ணீரில் என்ஜினுக்குள் எரிந்த வாயு கலந்திருந்தால் அது நிறம் மாறும். என்ஜினை ஓடவிட்டு மேலே இருந்த ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி விட்டார். நீலம் வெளிறி, பச்சை தட்டி, ஐந்து நிமிடத்தில் எலுமிச்சைச் சாறு போல மஞ்சளாகிவிட்டது. ஹெட் கேஸ்கெட், அதாவது என்ஜினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு போயிருக்கிறது. இப்படியே ஓட்டியிருந்தால் கோடையில் ஒருநாள் என்ஜினே போயிருக்கும்.

எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டு டீலரிடம் போனேன். பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருந்த 'ஃபுட்ஸ்டூட்ஸ்' என்ற வார்த்தையைக் காட்டினார்கள். இருக்கிறபடி விற்றோம், பிறகு கேட்கக்கூடாது என்று பொருள். நம் ஆட்கள் பலர் இந்த வார்த்தையோடு திரும்பி வந்துவிடுகிறார்கள். வராதீர்கள். தொழிலாக வண்டி விற்கும் டீலர் அதற்குப் பின்னால் ஒளிய முடியாது. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56-ஆம் பிரிவு: டெலிவரி எடுத்த ஆறு மாதத்துக்குள் குறையுள்ள பொருளைத் திருப்பலாம். சரிசெய்து கொடுப்பதா, மாற்றிக் கொடுப்பதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவர். இன்னின்ன குறை இருக்கிறது என்று உங்களிடம் வெளிப்படையாகச் சொல்லி, நீங்களும் ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தால் மட்டும் கதை வேறு. ஆகவே கையெழுத்துப் போடும் தாளில் குறைப் பட்டியல் ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். தனி ஆளிடம் நேரடியாக வாங்கினால் இந்தச் சட்டம் துணைக்கு வராது. இன்னொன்று, டீலரிடம் வாயால் சண்டை போடுவதில் பலனில்லை. நான் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் புகார் கொடுத்தேன். பதில் வரவில்லை. மோட்டார் தொழில் ஓம்பட்ஸ்மேனிடம் அனுப்பினேன். நுகர்வோருக்கு அதற்குக் கட்டணம் கிடையாது. டெலிவரி தாள், ஸ்கேனர் படம், பெட்ரோல் பில்கள் எல்லாம் சேர்த்து அனுப்பினேன். அங்கிருந்து கடிதம் போன பிறகுதான் டீலரின் குரல் மாறியது.

பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். தினமும் வேலைக்குப் போக வண்டி வேண்டுமே என்று, நான் சொல்லும் ஒர்க்‌ஷாப்பில் அவர்கள் செலவில் ஹெட் கேஸ்கெட்டும் தெர்மோஸ்டாட்டும் போட்டுக் கொடுக்கச் சொன்னேன். செய்தார்கள். மூன்று மாதத்துக்குள் அதே குறை திரும்பினால் மாற்றவோ பணம் தரவோ வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். 950 ராண்டும் பாட்டில் காசும் வரவில்லை. மாதம் முப்பது லிட்டர் வீதம் வீணாய்ப் போன பெட்ரோலை யாரிடம் கேட்பது?

பழுது பார்த்தபின் முதல் டேங்க்: 455 கிலோமீட்டருக்கு 27.9 லிட்டர். நூறுக்கு 6.1. கம்பெனி எண் வரவில்லைதான், வரவும் வராது. ஆனால் இந்த வண்டிக்கு, இந்தச் சாலைக்கு, இதுதான் நியாயமான கணக்கு.

நீங்கள் பார்க்கப் போனால், வண்டி குளிர்ந்திருக்கும்போது பார்க்கவேண்டும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். போனதும் போனட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் நீல விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது என்று தெரியாது, இன்னொரு நாள் வாருங்கள். சராசரி எண்ணை நீங்களே அழித்துவிட்டு, ஏறிய வழியிலேயே இறங்கித் தொடங்கிய இடத்துக்கே வந்து பாருங்கள். வாங்கிய பிறகு ஒரே பங்க், ஒரே பம்ப், முதல் கிளிக்கில் நிறுத்தச் சொல்லி, பில்லில் ஓடோமீட்டர் எண்ணை எழுதி வையுங்கள். உண்மையான மைலேஜ் தெரிய மூன்று டேங்க் போதும்.

போனோடு இணையும் சின்ன ஸ்கேனர் ஒன்று நானும் வாங்கிவிட்டேன். சாட்ஸ்வொர்த், பைன்டவுன் பக்கம் யாராவது வண்டி பார்க்கப் போவதாக இருந்தால் எனக்கு ஒரு செய்தி போடுங்கள். சனிக்கிழமை காலையில் ஸ்கேனரை எடுத்துக்கொண்டு கூட வருகிறேன்.