கனவு அணியில் கடைசி இடம்: வாசிமா, மெக்ராத்தா?

உலகக் கோப்பைக் கனவு அணி எழுதும்போது இந்த ஒரு வேகப்பந்து வீச்சாளர் இடத்தில்தான் எல்லாரும் திணறுகிறோம்.

உலகக் கோப்பை விக்கெட்: ஆஸ்திரேலியாவின் மெக்ராத் 71, பாகிஸ்தானின் வாசிம் அக்ரம் 55. ஆட்டங்கள் ஏறக்குறைய சமம்.

புதுப்பந்து: மெக்ராத். 2003 இறுதிப் போட்டியில் முதல் ஓவரிலேயே சச்சினைத் தானே கேட்ச் பிடித்து அனுப்பினார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பழைய பந்து: வாசிம், சந்தேகமே இல்லை. 1992 மெல்போர்ன் இறுதிப் போட்டி, அடுத்தடுத்து இரண்டு பந்துகள். இங்கிலாந்தின் லாம்புக்கு வெளியே விலகி ஸ்டம்பைப் பறித்தது. லூயிஸுக்கு உள்ளே வந்து, மட்டையின் உள்விளிம்பில் உரசி ஸ்டம்பைச் சாய்த்தது. இன்றும் கண்ணிலேயே நிற்கிறது.

பேட்டிங்: அதே ஆட்டத்தில் வாசிம் 18 பந்தில் 33.

சரி, 2027 தென்னாப்பிரிக்காவில் பந்து எகிறும். அங்கே கோப்பையை வெல்லப்போவது மெக்ராத் மாதிரி ஒருவர் இருக்கும் அணிதான் என்பது என் கணிப்பு. காய்ந்த ஆடுகளம், கடைசிப் பத்து ஓவர் என்றால் வாசிமிடம் பந்தைக் கொடுங்கள்.