துளியா, வட்டமா? இரண்டையும் சுமந்து பார்த்தவள் எழுதுவது

போன வாரம் இரவு பதினொரு மணிக்கு ஒரு செய்தி வந்தது. “அக்கா, துளியா, வட்டமா? அடுத்த வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம்.” முன்பு என்னோடு வேலை பார்த்தவள். பிஆர்சிஏ மரபணுக் கோளாறு அவளுக்குக் குடும்ப வழியாக வந்திருக்கிறது. புற்றுநோய் வருமுன்னே இரண்டு மார்பகங்களையும் அகற்றிவிட்டு சிலிகான் இம்பிளான்ட் வைத்துக்கொள்வதென்று தீர்மானித்திருக்கிறாள். அதன் வடிவம் துளியா, வட்டமா என்பதற்கு ஒரே சொல்லில் பதில் கேட்டாள். “துளி” என்று எழுதி அழித்தேன். “வட்டம்” என்று எழுதி அதையும் அழித்தேன். கடைசியில் “எழுதி அனுப்புகிறேன், தூங்கு” என்று சொல்லிவிட்டு, நான் தூங்காமல் கிடந்தேன்.

எங்கே கீறுவார்கள், எத்தனை நாள் ஓய்வு என்பதையெல்லாம் மருத்துவர் சொல்லியிருப்பார். என்னிடம் இருப்பது பழகிய அனுபவம் மட்டும்தான். எனக்கு வலது பக்கம் மட்டும். 2014இல் புற்றுநோய்க்காக அகற்றினார்கள். சில மாதம் தோலை விரிக்கும் பலூனைச் சுமந்த பிறகு துளி வடிவ இம்பிளான்ட் வைத்தார்கள். அதோடு ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தேன். 2023 கடைசியில் அதை எடுத்துவிட்டு வட்டம் வைத்துக்கொண்டேன். அதோடு இப்போது ஒன்றரை ஆண்டு.

முதலில் துளியைப் பற்றி நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துவிடுவேன். வட்ட இம்பிளான்டுக்கு ஒரு விட்டம், ஓர் உயரம், அவ்வளவுதான் அளவு. துளிக்கு அகலம் தனி, நீளம் தனி, முன்னால் எவ்வளவு எழும்பவேண்டும் என்பது தனி. என் மார்புக் கூட்டின் அகலத்தை மருத்துவர் அளவுகோல் வைத்து அளந்தார். பிறகு இடது பக்கத்தை அளந்தார், பார்த்தார், மறுபடி அளந்தார். ஆடை தைப்பவர் கூட எனக்கு இத்தனை பொறுமையாக அளவெடுத்ததில்லை. வலது பக்கத்தில் மேற்பாதியில் சதை என்று எதுவும் மிச்சமில்லை. தோலும் அடியில் தசையும்தான். துளி மேலே மெலிந்து கீழே பருத்தது. கழுத்தெலும்பிலிருந்து சரிவாக இறங்கி, எங்கே உடல் முடிந்து எங்கே சிலிகான் தொடங்குகிறது என்று தெரியாதபடி அமர்ந்துகொண்டது. தோள்பட்டை வலிக்காகப் போனபோது பயிற்சியாளர் என்னைப் பார்த்துவிட்டு, “அறுவை எந்தப் பக்கம்?” என்று கேட்டார். அன்று முழுவதும் எனக்குச் சிரிப்பாகவே இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. துளிக்குள் இருக்கும் ஜெல் கெட்டியானது, குறுக்கே வெட்டினாலும் வழியாது. அதனால்தான் வடிவம் நிற்கிறது, அதனாலேயே விறைப்பும். மல்லாந்து படுத்தால் இடது பக்கம் சரிந்து ஓய்வெடுக்கும். வலது பக்கம் காவல்காரனைப் போல நிமிர்ந்து நிற்கும். நீந்திவிட்டு வந்தால் வெகுநேரம் சில்லென்று இருக்கும். (வட்டமும் அப்படித்தான்.) இதையெல்லாம் நான் குறையாக எண்ணியதே இல்லை.

2017இல் ஒரு நாள் காலை கண்ணாடியில் ஏதோ உறுத்தியது. பருமன் கீழே இல்லை, அக்குள் பக்கம் ஒதுங்கியிருந்தது. கையை உயர்த்திப் பார்த்தேன், குனிந்து பார்த்தேன். வலி இல்லை, வீக்கம் இல்லை. துளி உள்ளேயே திரும்பிக்கொண்டிருந்தது. அல்ட்ராசவுண்டில் அது உறுதியானது. எது மேல் எது கீழ் என்று கண்டுபிடிக்க அதன் ஓட்டில் சின்னச் சின்னப் புள்ளிகளை வைத்தே செய்கிறார்களாம். மருத்துவர் என்னைப் படுக்க வைத்து, கையாலேயே மெல்லத் திருப்பி இடத்தில் நிறுத்தினார். சில வாரம் இறுக்கமான கட்டு. முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. எட்டு மாதம் கழித்து மறுபடி. பிறகு நான்கு மாதத்தில். அதன் பிறகு கணக்கு வைக்கவில்லை. வட்டமும் உள்ளே சுற்றத்தான் செய்கிறது; சுற்றினால் யாருக்குத் தெரியப்போகிறது? துளிக்குத் தலை உண்டு, கால் உண்டு. அது கொஞ்சம் புரண்டால் ஊருக்கே தெரியும், குறைந்தது எனக்குத் தெரியும்.

காலையில் எழுந்ததும் முதல் வேலை அதுவாகிவிட்டது. கடிகாரத்தைப் போல ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். பருத்த முனை நேர் கீழே இருந்தால் ஆறு மணி. கொஞ்சம் ஒதுங்கியிருந்தால் ஐந்து. அக்குளைப் பார்த்திருந்தால் மூன்று. குளியலறையிலிருந்து வெளியே வந்தால் என் கணவர், “இன்று மணி என்ன?” என்பார். முதலில் வேடிக்கையாக இருந்தது. ஐந்தாம் ஆண்டிலும் ஒருவர் அதையே கேட்டால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. பாவம், அவர் அக்கறையில்தான் கேட்டார். ஆனால் அந்த அக்கறையே எனக்கு வேண்டாததாக இருந்தது. புற்றுநோய் முடிந்துவிட்டது, மருந்து முடிந்துவிட்டது, எல்லாம் முடிந்தும் என் உடம்பில் ஒரு பொருளை தினமும் நான் மேற்பார்வை பார்க்க வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில் நானே திருப்பக் கற்றுக்கொண்டேன். அதை யாரும் செய்யாதீர்கள். மருத்துவர் என்னை அதற்காகக் கடிந்துகொண்டது நியாயம்தான்.

இது என் தலையெழுத்து, எல்லோருடையதும் அல்ல. துளி வைத்துக்கொண்டு ஒரு டிகிரி கூடத் திரும்பாமல் வாழ்கிறவர்கள் நிறையப் பேர். இரண்டு பக்கமும் துளி வைத்த ஒரு தோழியிடம் திரும்புவதைப் பற்றிச் சொன்னபோது, “அது திரும்புமா என்ன?” என்று கேட்டாள். அவளோடு இரண்டு நாள் பேசவில்லை.

இந்தத் தொல்லை புதிதும் அல்ல. உலகின் முதல் சிலிகான் இம்பிளான்டை 1962இல் ஹூஸ்டனில் தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் டிம்மி ஜீன் லிண்ட்சே என்ற பெண்ணுக்கு வைத்தார்கள். அதுவும் துளி வடிவம்தான்! இடம் மாறாமல் இருக்க அதன் முதுகில் டேக்ரான் துணியை ஒட்டியிருந்தார்கள், திசு அதைப் பற்றிக்கொள்ளும் என்று. ஆக, துளியைப் பிறந்த அன்றே கட்டிப்போட வேண்டியிருந்திருக்கிறது.

எங்கள் காலத்தில் அந்தத் துணியின் வேலையைச் செய்தது ஓட்டின் சொரசொரப்பு. மேற்பரப்பு கரடுமுரடாக இருந்தால் சுற்றியுள்ள திசு அதைப் பிடித்துக்கொள்ளும், துளி திரும்பாது. வட்டத்துக்கு அந்தப் பிடிப்பு தேவையில்லை, வழுவழுப்பாகவே இருக்கலாம். சிக்கல் இங்கேதான். இம்பிளான்டைச் சுற்றி அரிதாக உண்டாகும் ஒரு வகை லிம்போமாவை, அதாவது நிணநீர்ப் புற்றுநோயைப் பற்றி அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2011இலேயே எச்சரித்திருந்தது. அது பெரும்பாலும் சொரசொரப்பான ஓடு உள்ளவர்களிடமே காணப்படுகிறது என்பது போகப் போகத் தெளிவானது. 2019 ஜூலையில் ஒரு வகைச் சொரசொரப்பு இம்பிளான்டுகள் உலகம் முழுவதும் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. துளியை நிலைநிறுத்தும் அதே கரடுமுரடுதான் சந்தேகத்துக்கும் உரியது என்றால் என்னதான் செய்வது? அன்று இரவு பீரோவைக் குடைந்து, மருத்துவமனையில் கொடுத்த இம்பிளான்ட் அடையாள அட்டையைத் தேடி எடுத்தேன். என்னுடையது திரும்பப் பெற்ற பட்டியலில் இல்லை. இருந்திருந்தாலும், அறிகுறி ஏதும் இல்லாதவர்கள் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டியதில்லை என்றுதான் எஃப்டிஏ சொன்னது. அறிவுக்கு அது புரிந்தது. ஆனால் ஏற்கெனவே ஒரு முறை புற்றுநோய் வந்தவளுக்கு அறிவு மட்டும் போதாது.

அப்படியும் நான்கு ஆண்டு இழுத்தேன். சரியாக இருக்கும் நாட்களில் அது அத்தனை அழகாக இருந்ததுதான் காரணம். ஆறு மணி நாட்கள் என்று அவற்றைச் சொல்வேன்.

2023இல் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. இம்பிளான்டைச் சுற்றி உடல் ஓர் உறையைப் பின்னும். எல்லோருக்கும் அது உண்டு. என்னுடையது இரண்டு படலமாகப் பிரிந்திருந்தது. உள்படலம் இம்பிளான்டோடு ஒட்டிக்கொண்டது, வெளிப்படலம் உடலோடு. நடுவில் அது காய்ந்த நெற்றுக்குள் விதை போல ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. சொரசொரப்பு தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது, தப்பான இடத்தில். உறையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நான் மனுஷியாக இல்லை. ஒன்றுமில்லை என்று வந்தது. அந்த இடத்தில் வழுவழுப்பான வட்டத்தை வைத்தார்கள்.

வட்டத்தின் நன்மையைச் சொல்ல நிறைய வார்த்தை வேண்டாம். நான் கண்ணாடி பார்ப்பதை நிறுத்திவிட்டேன். கவிழ்ந்து படுக்கிறேன். கனமான பையை வலது கையில் தூக்குகிறேன். இரண்டாம் மாதம் ஒரு நாள் மாலையில்தான், காலையிலிருந்து அதைத் தொட்டுப் பார்க்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. ஜெல் இளகியது, படுத்தால் கொஞ்சம் பரவுகிறது, நின்றால் கீழே இறங்கித் தானே ஏறக்குறைய துளியைப் போல ஆகிறது. “இன்று மணி என்ன?” என்று கேட்டால், கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தைத்தான் பார்த்துச் சொல்கிறேன்.

அழகு? அதைக் கேட்காதீர்கள். சரி, கேட்டுவிட்டீர்கள். மேற்பாதியில் ஒரு விளிம்பு தெரிகிறது, தட்டைக் கவிழ்த்து வைத்தது போல. கழுத்து இறக்கமான ஆடை என்றால் வலது பக்கம் மட்டும் மேட்டிலிருந்து தொடங்கும். முன்னால் குனிந்தால் ஓரத்தில் இரண்டு மூன்று மடிப்புகள் எழுகின்றன. உடலில் வேறோர் இடத்திலிருந்து கொழுப்பை எடுத்துச் செலுத்தி அந்த விளிம்பை மறைக்கலாம் என்றார் மருத்துவர். இன்னொரு முறை மேசையில் படுக்க எனக்குத் தெம்பு இல்லை. போதாக்குறைக்கு என் இடது மார்பகம் உயிருள்ளது. இந்தப் பத்தாண்டில் அது என்னோடு சேர்ந்து எடை போட்டது, தளர்ந்தது, இறங்கியது. துளி இருந்தபோது அந்த வித்தியாசம் சகிக்கக்கூடியதாக இருந்தது. வட்டம் அதைச் சுட்டிக்காட்டுகிறது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இயற்கையான சதை போதுமான அளவு இருந்து, பெரிதாக்குவதற்காக மட்டும் வைத்துக்கொள்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடும். படங்களைக் காட்டி, எது துளி எது வட்டம் என்று கேட்டபோது அறுவை மருத்துவர்களாலேயே நம்பகமாகப் பிரித்துச் சொல்ல முடியாமல் போயிருக்கிறது. மேலே மூடச் சதை இல்லாத எங்களைப் போன்றவர்களிடம்தான் வடிவம் வெளியே வந்து நிற்கும்.

எனவே, தங்கையே, உனக்கு என் பதில் வட்டம். உனக்கு இரண்டு பக்கமும் புதிது. பக்கத்தில் நின்று ஒப்பிட்டுக் காட்ட ஒரு பழையது கிடையாது. மேல் விளிம்பு தெரிந்தாலும் இரண்டிலும் ஒரே மாதிரி தெரியும். வழுவழுப்பான ஓடுதானே என்று கேட்டு உறுதி செய்துகொள். இரண்டு பக்கத்துக்குமான அடையாள அட்டைகளைக் கையில் வாங்காமல் மருத்துவமனையை விட்டு வராதே. 2019இல் அட்டை கிடைக்காமல் அலைந்தவர்கள் இருக்கிறார்கள். எந்த வடிவமானாலும் ஆயுளுக்கும் நிற்பது அல்ல, ஒருநாள் மாற்ற வேண்டிவரும். சிலிகான் சத்தமில்லாமல் கிழிந்திருக்கலாம் என்பதால் ஐந்தாறு ஆண்டில் ஒரு ஸ்கேன், பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒன்று என்பதுதான் எஃப்டிஏவின் அறிவுரை. என்றைக்காவது ஒரு பக்கம் திடீரென்று நீர் கோத்து வீங்கினால், எத்தனை ஆண்டு கழித்தானாலும் உடனே போ.

நீ அடுத்து என்ன கேட்பாய் என்று தெரியும். “அக்கா, உங்களுக்கு மறுபடி தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கிடைத்தால்?”

துளி. ஆமாம், இத்தனை திட்டிய பிறகும். இன்று காலை ஒரு பழைய படத்தைப் பார்த்தேன், 2016இல் எடுத்தது. ஆறு மணி. வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை. நாளைக்குக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கலாம்.

எடுத்ததை மருத்துவமனையில் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். கழுவி, மூடி போட்ட ஒரு டப்பாவில் கொடுத்தார்கள். ஒன்பது ஆண்டு எனக்குள் புரண்டு புரண்டு படுத்த அந்தப் பொருள், மேசையில் வைத்தால் ஒரு மடிப்பும் இல்லாமல் வைத்த வடிவத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அசையவே மாட்டேன் என்கிறது. பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வரும். ஞாயிற்றுக்கிழமை வா, இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டே முடிவு சொல்லலாம். ஒன்று டப்பாவில் இருக்கிறது, மற்றது என்னிடம் இருக்கிறது.