சின்ன முதலீட்டில் டே டிரேடிங்: சுங்கை சிப்புட்டிலிருந்து சில வருட அனுபவம்

2020 கடைசியிலிருந்து மலேசியப் பங்குச் சந்தையில் குறுகிய கால வியாபாரம் செய்து வருகிறேன். முதலில் அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்கிற டே டிரேடிங், அப்புறம் சில நாள், சில வாரம் வைத்திருந்து விற்பது. வேலை செம்பனை ஆலையில், ஷிப்ட் முறை. கையில் வைத்து ஆரம்பித்தது ஐயாயிரம் ரிங்கிட். எங்கள் ஊரில் இதைப் பற்றிக் கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள், அதுவும் தோட்டத்திலிருந்து வெளியே வந்து பேக்டரி வேலைக்குப் போகிற பிள்ளைகள், "அண்ணே, ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) இருக்கு, ஒரு நாளைக்கு ஐம்பது பார்க்க முடியுமா?" என்று. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐயாயிரம், பத்தாயிரம் வைத்துக்கொண்டு நம் சந்தையில் டே டிரேடிங் செய்தால் கட்டுப்படியாகாது. சார்ட் பார்க்கத் தெரியுமா தெரியாதா என்ற பேச்சுக்கு வருவதற்கு முன்பே கணக்கு இடிக்கிறது. எப்படி என்று பாருங்கள்.

50 காசு விலையில் ஒரு கவுண்டர், அதாவது சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தின் பங்கு. 40 லாட் வாங்குகிறீர்கள், ஒரு லாட் 100 பங்கு, ஆக 4,000 பங்கு, 2,000 ரிங்கிட். ஆன்லைன் புரோக்கர் குறைந்தபட்சக் கட்டணம் 8 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு கணக்குத் தீர்ப்பதற்கான கிளியரிங் கட்டணம் 0.03 சதவீதம், அது 60 காசு. முத்திரை வரி ஆயிரத்துக்கு ஒரு ரிங்கிட், இரண்டு ரிங்கிட். வாங்குவதற்கு மட்டும் 10 ரிங்கிட் 60 காசு ஆகிவிட்டது, விற்கும்போது தொகை இரண்டாயிரத்தைக் கொஞ்சம் தாண்டுவதால் முத்திரை வரி மூன்று ரிங்கிட், ஆக 11 ரிங்கிட் 61 காசு. போக வர 22 ரிங்கிட் 21 காசு. இப்போது விலை ஒரு படி ஏறுகிறது. ஒரு ரிங்கிட்டுக்குக் கீழே உள்ள பங்குகளில் ஒரு படி என்பது அரைக் காசு. 4,000 பங்குக்கு அது 20 ரிங்கிட். அதாவது விலை ஏறி, நீங்கள் நினைத்தது சரியாக நடந்து, உடனே விற்றும் கூட 2 ரிங்கிட் 21 காசு கைவிட்டுப் போகிறது. 51 காசுக்கு விற்றால்தான் 17 ரிங்கிட் 79 காசு மிஞ்சும். அது 2 சதவீத ஏற்றம். சாதாரண நாளில் ஒரு கவுண்டர் 2 சதவீதம் ஏறுவதே பெரிய விஷயம், அதை நீங்கள் அடிமட்டத்தில் பிடித்து மேலே விட வேண்டும், அதுவும் தினமும்.

இதில் இன்னொன்று இருக்கிறது, ஆரம்பத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை. திரையில் வாங்குபவர் விலை, விற்பவர் விலை என்று இரண்டு இருக்கும். அவசரமாக வாங்கினால் விற்பவர் கேட்கிற விலைக்கு வாங்குவீர்கள், அவசரமாக விற்றால் வாங்குபவர் தருகிற விலைக்கு விற்பீர்கள். நடுவில் ஒரு படி இடைவெளி. அதனால் மேலே சொன்ன கணக்கில் உண்மையில் விலை மூன்று படி நகர வேண்டும். கியூவில் நின்று குறைந்த விலைக்கு வாங்கலாமே என்றால், காசு கணக்கில் விலை உள்ள கவுண்டர்களில் உங்களுக்கு முன்னால் ஆயிரக்கணக்கான லாட் நிற்கும். உங்கள் முறை வரும் நேரம் பெரும்பாலும் விலை கீழே இறங்கத் தொடங்குகிற நேரமாக இருக்கும்.

"விலை குறைவான பங்கு வாங்கினால் நிறைய கிடைக்குமே" என்பார்கள். 5 காசுப் பங்கில் ஒரு படி என்பது 10 சதவீதம். ஏறினால் இனிப்பாக இருக்கும், இறங்கினாலும் அதே 10. ஒரு ரிங்கிட்டிலிருந்து பத்து ரிங்கிட் வரை ஒரு படி ஒரு காசு, அதற்கு மேல் நூறு ரிங்கிட் வரை இரண்டு காசு. என் அனுபவத்தில் சின்ன முதலுக்கு ஒன்று முதல் ஐந்து ரிங்கிட் வரையிலான கவுண்டர்கள்தான் தோது, தினமும் நல்ல வியாபாரம் நடக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். விற்க நினைக்கும்போது வாங்க ஆள் இருக்க வேண்டுமே.

முத்திரை வரி 2022 தொடக்கத்தில் ஆயிரத்துக்கு ஒன்றரை ரிங்கிட்டாக ஏறி, 2023 ஜூலையில் மறுபடி ஒரு ரிங்கிட்டுக்கு வந்தது. ஐம்பது காசு வித்தியாசம்தானே என்று தோன்றும். தினமும் வாங்கி விற்பவனுக்கு அது வருட முடிவில் நன்றாகவே தெரியும்.

அடுத்து நேரம். சந்தை காலை 9 மணிக்குத் திறந்து 12:30க்கு மூடும், மறுபடி 2:30 முதல் 5 மணி வரை. விலை வேகமாக ஆடுவது பெரும்பாலும் முதல் அரை மணி நேரம். காலை ஷிப்டில் இருந்தால் அந்த நேரத்தில் நான் ஆலைக்குள் இருப்பேன், பாய்லர் பக்கம் நின்றுகொண்டு கைப்பேசியைப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. இரவு ஷிப்ட் முடிந்து வந்து பசியாறிவிட்டு, கண் எரிய எரிய 9 மணிக்கு உட்கார்ந்து வாங்குவது விற்பது எல்லாம் உடம்பையும் கெடுக்கும், முடிவையும் கெடுக்கும். மதிய ஷிப்ட் வாரத்தில் மட்டும்தான் ஒழுங்காகச் செய்ய முடிந்தது. அதோடு, கனமழை அடித்தால் எங்கள் பக்கம் இணைய லைன் போய்விடும். நான் பயன்படுத்துகிற ஆப் காலை 9 மணிக்கு அடிக்கடி உறைந்து நிற்கும், 9:10க்குச் சரியாகிவிடும். சில வாரம் வைத்திருப்பவனுக்கு அந்தப் பத்து நிமிடம் பொருட்டே இல்லை. டே டிரேடிங் செய்பவனுக்கு அந்த நாளே அவ்வளவுதான். மற்றபடி அந்த ஆப்பில் பணம் எடுப்பது, அறிக்கை பார்ப்பது எல்லாம் இத்தனை வருடத்தில் பிரச்சினை இல்லாமல் போகிறது.

அமெரிக்கச் சந்தை இரவில்தானே, வேலைக்குப் போகிறவனுக்கு வசதியாயிற்றே என்று சிலர் போகிறார்கள். நம் நேரத்துக்கு இரவு 9:30, அங்கே குளிர்காலம் என்றால் 10:30க்குத் திறக்கும். டாலர் மாற்றும் செலவு வேறு. கொஞ்ச நாள் பார்த்தேன், மறுநாள் காலை வேலைக்குப் போகிறவனுக்கு ஒத்துவராது.

கான்ட்ரா பற்றி ஒரு வார்த்தை. பணம் கட்டாமலே வாங்கி, கணக்குத் தீர்க்கும் நாளுக்குள் விற்று, வித்தியாசத்தை மட்டும் கட்டுவது அல்லது வாங்கிக்கொள்வது. முன்பு மூன்று வேலை நாள் இருந்தது, 2019 ஏப்ரல் கடைசியிலிருந்து இரண்டு வேலை நாள்தான். பழைய ஆட்கள் இதை வசதி என்பார்கள். மாதச் சம்பளக்காரர்கள் தொடவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கையில் இரண்டாயிரம் இருக்கும், இருபதாயிரத்துக்கு வாங்கியிருப்பீர்கள், விலை 10 சதவீதம் இறங்கினால் இருந்த இரண்டாயிரமும் போய்விடும். பணம் கட்டிவிட்டுத்தான் வாங்க முடியும் என்கிற கேஷ் கணக்கைத் திறந்துகொள்ளுங்கள்.

கொரோனா காலத்தில் கையுறை தயாரிக்கும் நிறுவனங்களின் பங்குகள் ஏறி இறங்கிய கதை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2020 ஏப்ரலிலிருந்து ஆறு மாதம் வங்கிக் கடன் தவணை தள்ளிவைக்கப்பட்டது, ஆட்கள் வீட்டில் முடங்கிக் கிடந்தார்கள், பங்கு என்றால் என்ன என்று கேட்டவர்கள்கூட கையுறை கவுண்டர் பெயர்களைச் சொன்னார்கள். டாப் குளோவ் என்ற கையுறை நிறுவனத்தின் பங்கு 2020 அக்டோபரில் 9 ரிங்கிட்டைத் தாண்டியது. நவம்பர் 9ஆம் தேதி பைசர் தடுப்பூசி 90 சதவீதத்துக்கு மேல் பலன் தருகிறது என்ற செய்தி வந்தது, நம் நாட்டில் அப்போது சந்தை மூடியிருந்தது. மறுநாள் காலை கையுறைப் பங்குகள் திறக்கும்போதே கீழே விழுந்து திறந்தன. 2022இல் அதே டாப் குளோவ் ஒரு ரிங்கிட்டுக்கும் கீழே போனது. நான் கணக்குத் திறந்தது இந்தப் பரபரப்பின் வாலில்தான், அதனால் ஒரு விஷயம் ஆழமாகப் பதிந்தது: "இந்த விலைக்கு வந்தால் விற்றுவிடு" என்று நீங்கள் போட்டு வைத்திருக்கிற விலையை இரவுச் செய்தி தாண்டிக் குதித்துவிடும். 1.50க்கு விற்க நினைத்திருப்பீர்கள், காலையில் 1.35இல் திறக்கும். நம் சந்தையில் ஒரு ரிங்கிட்டும் அதற்கு மேலும் உள்ள பங்கு ஒரு நாளில் 30 சதவீதம் வரை இறங்கலாம், ஒரு ரிங்கிட்டுக்குக் கீழே என்றால் 30 காசு வரை. 25 காசுப் பங்கு வைத்திருப்பவர் இதை ஒரு முறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

செம்பனையில் வேலை செய்கிறோம், எண்ணெய் விலை நமக்குத் தெரியாதா என்று எங்கள் ஆலையில் இரண்டு பேர் பாமாயில் முன்பேரத்தில், அதாவது பின்னொரு தேதிக்கான சரக்குக்கு இப்போதே விலை பேசி ஒப்பந்தம் போடுவதில், இறங்க நினைத்தார்கள். ஒரு ஒப்பந்தம் 25 டன். டன்னுக்கு 50 ரிங்கிட் இறங்கினால் ஒரே நாளில் 1,250 ரிங்கிட் போகும். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700. குலை எவ்வளவு வருகிறது என்பது நமக்குத் தெரியும்தான், ஆனால் விலையை ஆட்டுவது இந்தோனேசியாவின் ஏற்றுமதிக் கொள்கை, சோயா எண்ணெய் விலை, பத்தாம் தேதி வாக்கில் மலேசிய செம்பனை வாரியம் வெளியிடுகிற கையிருப்புக் கணக்கு. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தி மே மாதம் மறுபடி திறந்துவிட்டதே, அதை எந்தத் தோட்டத்து கிராணியாலும் (கணக்கர்) முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன், இருவரும் விட்டுவிட்டார்கள், அதில் எனக்குப் பெரிய நிம்மதி.

இது என் ஒருவனுடைய அபிப்பிராயம் என்று நினைக்க வேண்டாம். பிரேசிலில் 2013 முதல் 2015 வரை முன்பேரச் சந்தையில் டே டிரேடிங் தொடங்கியவர்களை ஆராய்ந்திருக்கிறார்கள். 300 நாளுக்கு மேல் விடாமல் செய்தவர்களில் 97 சதவீதம் பேர் நஷ்டம், அந்த நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளத்தைவிட அதிகம் பார்த்தவர்கள் 1.1 சதவீதம்தான். தைவானில் தொடர்ந்து லாபம் எடுக்கிற திறமை உள்ளவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்று கண்டார்கள். இந்தியப் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2022–23 கணக்கைப் பார்த்து, பங்கில் அன்றைக்கே வாங்கி விற்ற தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நஷ்டம் என்று அறிவித்தது. அதிக முறை வியாபாரம் செய்தவர்களிடையே நஷ்டக்காரர்களின் பங்கு இன்னும் அதிகம்.

சரி, இப்போது நான் என்ன செய்கிறேன்? மாலையில் சந்தை மூடிய பிறகு பார்க்கிறேன். ஒரே நேரத்தில் இரண்டு கவுண்டருக்கு மேல் வைத்திருப்பதில்லை. வாங்குவதற்கு முன்பே எந்த விலையில் வெளியேறுவது என்று நோட்டில் எழுதுவேன், அந்த விலையில் விற்றால் கட்டணத்தோடு சேர்த்து மொத்த முதலில் 2 சதவீதத்துக்கு மேல் நஷ்டம் வரக்கூடாது. ஐயாயிரத்துக்கு அது நூறு ரிங்கிட். அதற்குள் அடங்கவில்லை என்றால் லாட்டைக் குறைப்பேன், குறைத்தும் அடங்கவில்லை என்றால் வாங்க மாட்டேன். சில வாரத்தில் 8, 10 சதவீதம் ஏறினால் கட்டணம் ஒரு பெரிய விஷயமாக இருப்பதில்லை. இதன் பலன்? சில வருடம் ஊழியர் சேமநிதி (இபிஎஃப்) கொடுத்த டிவிடெண்டைத் தாண்டியது, சில வருடம் தாண்டவில்லை. சேமநிதி 2024க்குக் கொடுத்தது 6.30 சதவீதம், எந்தத் திரையையும் பார்க்காமல். அதனால் மாதாமாதம் ஒரு தொகையைச் சொந்தமாகச் சேமநிதியில் கட்டுகிறேன், வியாபாரத்துக்கு ஒதுக்குவது அதற்கு அப்புறம்தான்.

இந்த ஊரில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் வெளியே தள்ளப்பட்ட காலம் அது, ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டித்தான் தோட்டங்களுக்குப் பங்குதாரர் ஆனார்கள். பிள்ளைகளிடம் இதை நான் அடிக்கடி சொல்கிறேன். நம் தாத்தா பாட்டிக்கு முதலீடு தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

வரி பற்றிக் கேட்பவர்களுக்கு: பட்டியலிடப்பட்ட பங்கை விற்று வரும் லாபத்துக்குத் தனிநபருக்கு வரி இல்லை, ஆனால் அதையே தொழிலாகச் செய்தால் வருமான வரி வாரியம் வருமானமாகப் பார்க்கலாம், கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக டெலிகிராம் குழுக்கள். "உங்கள் ஐந்நூறை எங்களிடம் கொடுங்கள், மூன்று மணி நேரத்தில் ஐயாயிரம்" என்று தமிழிலேயே வருகிறது, கோவில் திருவிழாப் படம் எல்லாம் போட்டு. யாராவது பணம் கேட்டால் அந்த நிறுவனத்தின் பெயரையும் ஆளின் பெயரையும் பங்குப் பத்திர ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள். உரிமம் உள்ளவர்களின் பதிவேடும் இருக்கிறது, எச்சரிக்கைப் பட்டியலும் இருக்கிறது. உண்மையான நிறுவனத்தின் பெயரைத் திருடி வைத்திருப்பவர்களும் உண்டு என்பதால் பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று பாருங்கள், தனி ஆளின் வங்கிக் கணக்கு என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அனுப்பிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காமல் உடனே உங்கள் வங்கியையோ மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணையோ அழையுங்கள், பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்கு முன்னால் முடக்க வாய்ப்பு இருப்பது அந்த முதல் சில மணி நேரத்தில்தான்.